இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தொடர்மாடிகளில், எழுபது வயதைத் தாண்டிய தாய் தகப்பனோடு நாற்பது வயது மகனோ மகளோ வாழும் வீடுகள் இருக்கின்றன. பிறந்த நாளிலிருந்தே மனவளர்ச்சி குன்றிய பிள்ளை. குளிக்க வார்ப்பதும், சோறு குழைத்துக் கொடுப்பதும், காலி வீதியைக் கடக்கும்போது கையை இறுக்கிப் பிடிப்பதும் இன்னமும் தாய்தான். கூடப் பிறந்தவர்கள் ஸ்காபரோவிலோ ஹரோவிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். மாதாமாதம் காசு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் முகம் தெரிகிறது. தாய்க்கு முழங்கால் நோ. தகப்பனுக்குக் கண் மங்குகிறது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது என்ற கேள்வி அந்த வீடுகளில் தினமும் இருக்கிறது. ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஏன் அவர்களும் வெளிநாடு போகவில்லை என்று அயலவர்கள் கேட்பதுண்டு. கனடாவின் குடிவரவுச் சட்டம், ஒருவருடைய உடல்நிலையால் அரசாங்கத்தின் மருத்துவ, சமூக சேவைச் செலவு அளவுமீறும் என்று கண்டால் அனுமதியை மறுக்க இடம் தருகிறது. கணவன், மனைவி, பிள்ளைகளை அழைப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பெற்றோரை அழைக்கும்போது அந்த விலக்கு இல்லை. ஆகவே அம்மா அப்பாவுக்காக மகள் போட்ட விண்ணப்பம், அவர்களோடு சேர்ந்து போகவேண்டிய தம்பியின் மருத்துவ அறிக்கையில் நின்றுவிடலாம். 2018 யூன் மாதம் அங்கே செலவு வரம்பை மும்மடங்காக்கி, விசேட கல்விக்கும் சமூக சேவைக்குமான செலவுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில குடும்பங்களுக்கு இது வழி திறந்தது. அதற்கு முன்பே மனம் விட்டுப்போனவர்கள் இங்கேயே மூப்படைந்துவிட்டார்கள்.

கடைசியில் இல்லம் ஒன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் எதைப் பார்க்கவேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பொதுவாக என்ன பார்க்கிறோம்? நிலம் துடைத்திருக்கிறதா, மூத்திர மணம் அடிக்கிறதா, சாப்பாடு எப்படி, பொறுப்பாக இருக்கும் அம்மையார் அன்பாகப் பேசுகிறாரா, சாமி படம் இருக்கிறதா. இவை எல்லாம் வேண்டியவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் துப்புரவான நிலத்தின் மேல், நல்ல சாப்பாட்டோடு, ஒரு மனிதர் இருபது வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடவும் முடியும். அங்கே வாழ்பவருடைய ஒரு நாள் யாருடைய வசதிக்காக நடக்கிறது என்று பார்த்தால்தான் இல்லத்தின் தரம் தெரியும். எத்தனை மணிக்கு எழும்புவது, என்ன உடுப்பது, யாருக்குப் பக்கத்தில் இருப்பது, எப்போது வெளியே போவது. இவற்றில் அவருக்கு ஏதாவது சொல் இருக்கிறதா?

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. முதலாவது பிறப்பிலோ சிறுவயதிலோ வருவது. கற்பதற்கும் தன் காரியத்தைத் தானே பார்ப்பதற்கும் உள்ள ஆற்றல் வாழ்நாள் முழுக்கக் குறைவாக இருக்கும். அதற்குக் குளிசை கிடையாது; பொறுமையான பயிற்சியும் துணையும்தான் உண்டு. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் பெரும்பாலும் தணியும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் மனநோய் வரலாம் என்பது உண்மை. ஆனால் குறைபாட்டையே நோயாக எண்ணி அங்கொடை மனநல வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவதும், இல்லங்களில் இரண்டு வகையினரையும் ஒரே மண்டபத்தில் விட்டு ஒரே குளிசையைக் கொடுப்பதும் பெரிய தீங்கு செய்திருக்கின்றன.

ஒரு இல்லத்தை நடத்தும் விதம் எவ்வளவு வேறுபாட்டைக் கொண்டுவரும் என்பதைப் பார்க்க, இப்போது 1958க்குப் போவோம். லண்டனில் பவுன்டன் என்ற வைத்தியசாலையில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர் அவர்களில் 16 பேரைச் சறே பகுதியில் புரூக்லண்ட்ஸ் என்ற வீட்டுக்குக் கொண்டுபோனார். அதே வயது, அதே நிலையில் இன்னும் 16 பேர் வைத்தியசாலையிலேயே இருந்தார்கள். புரூக்லண்ட்சில் அதிசயம் எதுவும் செய்யவில்லை. சாதாரண வீட்டில் வளரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிறு குழுக்களாக விளையாடவிட்டார்கள், கதைத்தார்கள், அழுதால் தூக்கினார்கள், ஒரு பிள்ளைக்கு இன்னார் என்று ஒரு பராமரிப்பாளரைப் பழகவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வைத்தியசாலையில் இருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது. குறைபாடு மாறவில்லை. ஆனால் குறைபாடு என்று எல்லோரும் நம்பியதில் ஒரு பங்கு, அவர்களை வைத்திருந்த விதத்தால் வந்தது என்று தெரிந்தது.

டிசார்ட் அதோடு விடவில்லை. ரோய் கிங், நோர்மா ரெயின்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து பல இல்லங்களை ஒப்பிட்டு 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு இல்லம் பிள்ளைக்காக நடக்கிறதா, நிர்வாகத்துக்காக நடக்கிறதா என்று அறிய அவர்கள் நான்கு விடயங்களைப் பார்த்தார்கள். அவை இன்றும் எவரும் கையில் கொண்டுபோகக்கூடிய அளவுகோல்கள். நம்முடைய இல்லங்களுக்குப் பொருத்தியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் தைப்பொங்கலும் மற்ற நாட்களைப் போலவே விடிகிறதா? நேற்றிரவு நித்திரை இல்லாமல் இருந்தவரையும் ஐந்து மணிக்கு எழுப்புகிறார்களா? இது முதலாவது, நேர அட்டவணையின் இறுக்கம். அடுத்தது, எல்லோரையும் ஒரு கூட்டமாக நடத்துவது. இதைக் குளிக்கும் நேரத்தில் பார்க்கலாம். தொட்டியடியில் பத்துப் பேரைத் துவாயோடு வரிசையில் நிற்கவைத்து, ஒருவர் வார்க்க, இன்னொருவர் சவர்க்காரம் போட, மூன்றாமவர் துடைத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் முதலில் நிற்பவர் கடைசி ஆள் முடியும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புகளைக் கூட்டிப் பார்த்தால் சில இல்லங்களில் ஒரு மனிதரின் பகலில் பெரும் பங்கு காத்திருப்பதிலேயே போகிறது.

மூன்றாவது, தனக்கென்று ஏதாவது இருக்கிறதா என்பது. இதற்கு உடுப்பு அலுமாரியைத் திறந்து பார்க்கவேண்டும். பெயர் எழுதிய தட்டுகளா, அல்லது அளவுவாரியாக அடுக்கிய பொதுக் குவியலா? தாய் தேடி வாங்கிக் கொடுத்த நீலச் சேட்டை அடுத்த மாதம் இன்னொருவர் போட்டிருப்பதைக் கண்ட பெற்றோர் பலர் உண்டு. பற்தூரிகை, சீப்பு, உள்ளாடை ஆகியவை பொதுவாக இருந்தால் அங்கே மேலே பேச ஒன்றுமில்லை, திரும்பி வந்துவிடலாம். நான்காவது, ஊழியர்களுக்கும் வாழ்பவர்களுக்கும் இடையில் உள்ள தூரம். அவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா? ஊழியரின் கதிரையில் மற்றவர் அமரலாமா? ஒருவர் அருகில் வந்து கையைத் தொட்டால் அந்த ஊழியரின் முகம் எப்படி மாறுகிறது?

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நல்ல இல்லத்துக்கும் மோசமான இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஆட்களின் எண்ணிக்கையோ கட்டிடத்தின் அளவோ மட்டும் விளக்கவில்லை. பொறுப்பாளர் தன் நேரத்தை எங்கே கழிக்கிறார், அன்றாடச் சிறு முடிவுகளை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா, ஊழியர் என்ன பயிற்சி பெற்றவர்கள் என்பவையே கூடுதலாக விளக்கின. அலுவலக அறையிலேயே இருக்கும் பொறுப்பாளரின் கீழ் ஊழியர்களும் தூரமாகிறார்கள். பொறுப்பாளர் தரையில் அமர்ந்து ஒருவருக்குச் சோறூட்டினால் மற்ற ஊழியர்களும் அப்படியே அமர்கிறார்கள்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நான்கு அளவுகோல்களோடு ஐந்தாவது ஒன்றும் உண்டு. அது மொழி. நாற்பது வயதுவரை முப்பது நாற்பது சொற்களோடு வாழ்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். தண்ணி, சோறு, வேண்டாம், நோகுது, அக்கா, லைட். அந்தச் சொற்களிலும் பாதி, தாய்க்கு மட்டும் விளங்கும் உச்சரிப்பில் இருக்கும். அவரைச் சிங்களம் மட்டும் பேசும் ஊழியர்களிடம் விட்டால், அவர் ஒரே நாளில் முழுக்கப் பேச்சிழந்தவர் ஆகிறார். கேட்டது கிடைக்காதபோது கத்துகிறார், தலையைச் சுவரில் இடிக்கிறார். குழப்படிக்காரர் என்று எழுதப்படுகிறது. மருந்து கூட்டப்படுகிறது. இதில் அந்த ஊழியர்களின் மனதில் வெறுப்பு இருக்கவேண்டியதில்லை. மிக நல்லவர்களிடமும் இது நடக்கும். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் 2004இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை போன்றவை தமிழில் இயங்குகின்றன. கொழும்பிலிருந்து அது ஒரு நாள் பயணம், எழுபது வயதுத் தாய் மாதாமாதம் போய்வர முடியாது. வத்தளை ஹெந்தலையில் உள்ள பிரித்திபுர போன்ற பழைய இல்லங்கள் கொழும்புக்கு அருகே இருக்கின்றன. எந்த இல்லமானாலும், பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று தமிழ் தெரிந்த ஊழியர் எப்போதும் இருப்பாரா என்று முதல் நாளே கேட்கவேண்டும். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. கடிதத் தலைப்பிலும் பெயர்ப்பலகையிலும் அதைத் தேடுகிறோம். அவற்றைவிட அவசரமாகத் தமிழ் தேவைப்படும் இடம் இத்தகைய இல்லம்தான்.

இனி, இல்லங்களுக்குக் கொடுக்கும் நம்மைப் பற்றிச் சில வார்த்தைகள். பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு கொடுப்பது நம்மிடம் ஊறிப்போன நல்ல வழக்கம். பல இல்லங்கள் அதில்தான் அடுப்பு எரிக்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரையும் அமர்த்திவிடுகிறார்கள். கொடுப்பவர்கள் போக்குவரத்தில் மாட்டி ஒன்றேகாலுக்கு வருகிறார்கள். பசியில் இருப்பவர்கள் அதுவரை தட்டுக்கு முன்னால். பிறகு நன்றிப் பாட்டு, படம் எடுத்தல். புரியாணியை விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அன்று புரியாணிதான். அன்று இரண்டு வீட்டார் கொடுத்தால் இரண்டு முறை இனிப்பு. நீரிழிவு உள்ளவர் மாலையில் சோர்ந்து விழுகிறார். கொடுத்தவர் மனம் நல்லது. ஆனால் இல்லத்தின் நாள் கொடுப்பவரின் நாட்காட்டிக்கு ஏற்ப நடக்கத் தொடங்கிவிடுகிறது. அதே காசை இரவு ஊழியர் ஒருவரின் சம்பளத்துக்கோ, மாதத்தில் இருமுறை பேச்சுப் பயிற்சியாளர் வந்துபோகும் செலவுக்கோ கொடுத்தால் திவசம் குறைந்துபோகாது. சாப்பாடுதான் கொடுக்கவேண்டும் என்றால், என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு என்பதை இல்லம் தீர்மானிக்கட்டும். வந்தவர்களும் ஒரு வாய் அங்கேயே சேர்ந்து சாப்பிடட்டும். படம் வேண்டாம்.

விழுங்குவதைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பல வேளைகளில் உயிர் போவது இப்படிப்பட்ட சிறு விடயங்களால்தான். இங்கிலாந்தில் 2013இல் முடிந்த ஒரு ஆய்வு, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 வருடமும் பெண்கள் 20 வருடமும் முன்னதாக இறப்பதைக் கண்டது. அந்த இறப்புகளில் பல, நல்ல வைத்தியப் பராமரிப்பால் தடுத்திருக்கக்கூடியவை. சாய்ந்து படுத்த நிலையில், அவசரமாக, பெரிய கரண்டியால் ஊட்டினால் சோற்றுப் பருக்கை மூச்சுக்குழாய்க்குள் போகும். புரையேறுவது சத்தமாகத்தான் நடக்கும் என்றில்லை. சிலருக்கு இருமலே வராது. நாளடைவில் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியாவாகிறது. நிமிர்த்தி அமர்த்தி, ஊட்டுபவர் எதிரே அதே உயரத்தில் இருந்து, சிறு கரண்டியால் கொடுத்து, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்டபின் அடுத்த வாய் கொடுக்கவேண்டும். ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகும். இல்லத்தில் ஊட்டும் நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தட்டு காலியானால் அது ஆபத்து.

மலச்சிக்கலும் அப்படித்தான். வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் மருந்துகளில் பல குடலை மந்தமாக்குகின்றன. வயிறு நோகிறது என்று சொல்லத் தெரியாதவர் கத்துகிறார், தன்னையே கடிக்கிறார். அடங்குவதற்கு இன்னொரு குளிசை சேர்கிறது. அது குடலை இன்னும் மந்தமாக்குகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் செய்த மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் இத்தகைய குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பேர்வரை, தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமல் மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மருந்துப் பதிவைக் கேளுங்கள்: எந்தக் குளிசை, எதற்காக, எந்த வைத்தியர் எழுதினார், கடைசியாக எப்போது அது வேண்டுமா என்று மீளப் பார்த்தார். பதில் சொல்ல முடியாத இல்லத்தில் அமைதியாக இருக்கும் மண்டபம் நல்ல அடையாளமாக இராது.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து நல்ல தொகை அனுப்பினால் நல்ல பராமரிப்பு வாங்கிவிடலாம் என்ற எண்ணம் உண்டு. பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை, ஆளொன்றுக்கு வாரத்துக்குச் சராசரி 3,500 பவுண் அறவிட்டது. 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்பிய படத்தில், ஊழியர் வேடத்தில் சேர்ந்த செய்தியாளர் பதிவு செய்தவற்றை நாடே பார்த்தது. அங்கிருந்தவர்களை ஊழியர்கள் அடித்தார்கள், நிலத்தில் போட்டு அமுக்கினார்கள், உடுப்போடு தண்ணீர் ஊற்றினார்கள். 11 ஊழியர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர், ஆறு பேர் சிறை சென்றனர். அங்கே வேலை செய்த மூத்த தாதி ஒருவர் முன்பே நிர்வாகத்துக்கும் மேற்பார்வை அமைப்புக்கும் முறையிட்டிருந்தார். பலன் இல்லை. நமக்கு அருகே, மனநோயாளருக்கான இடமானாலும், தமிழ்நாட்டின் ஏர்வாடியை மறக்கமுடியாது. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஒன்று பணம் கொழித்த இடம், மற்றது ஓலைக் கொட்டகை. இரண்டிலும் வெளியார் கண் உள்ளே போகவில்லை. முன்னறிவித்தல் இல்லாமல் எந்த நேரமும் வரலாமா, படுக்கையறை வரை போகலாமா என்று கேட்டு, இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களில் அடைத்து வைக்கும் முறையை உலகம் மெல்லக் கைவிட்டு வருகிறது. ஒன்ராரியோவின் ஒரிலியாவில் 1876இல் தொடங்கிய ஹுரோனியா நிலையம் 2009இல் மூடப்பட்டது; அங்கே நடந்த கொடுமைகளுக்காக மாகாண முதல்வர் 2013இல் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்கிறது. நான்கைந்து பேர் சாதாரண வீடொன்றில், துணையாட்களோடு வாழும் சிறு இல்லங்களே அதற்கு நெருங்கிய வடிவம். பாமன்கடைத் தொடர்மாடியில் நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு மூன்று அறை வீட்டில் இதைத் தொடங்கமுடியும் என்றே நினைக்கிறேன். இலகுவானதல்ல: இரவு ஆள் வேண்டும், தொடர்மாடிச் சங்கம் சம்மதிக்க வேண்டும், சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாக எழுத நல்ல சட்டத்தரணி வேண்டும். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கினால் நடக்கும். எந்த இல்லமானாலும் முதலில் ஒரு வார இறுதி, பிறகு ஒரு கிழமை என்று விட்டுப் பழக்க முடியும். மரணச்சடங்கு முடிந்த கையோடு பையுடன் கொண்டுபோய் விடுவதுதான் மிகக் கொடுமை.

கூடவே ஒரு கொப்பி போகவேண்டும். தாய் சொல்லச் சொல்ல யாராவது எழுதிவிடலாம். காது நொந்தால் கையைக் கடிப்பான். பிளேன்டீயை ஆறவைத்துத்தான் குடிப்பான். வலிப்பு வருமுன் வலது கண் துடிக்கும். இருட்டில் படுக்கமாட்டான். மாமா என்றால் ஓட்டோ. எந்த வைத்திய அறிக்கையிலும் இல்லாத இந்தத் தகவல்கள்தான் ஒரு புதிய ஊழியருக்கு முதல் வாரத்தில் கைகொடுக்கும்.

அரசின் பங்கு எங்கே? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளுக்காக ஒரு தேசிய சபையை அமைத்தது. அவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு-செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூடியது. வரவேற்கவேண்டியது, ஆனால் இரவும் பகலும் ஆள் வைத்துப் பராமரிக்கும் செலவுக்கு அது எந்த மூலைக்கு? இந்தியாவின் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் கலெக்டர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் கொண்ட குழு பாதுகாவலரை நியமிக்கவும், தவறினால் நீக்கவும் முடியும். எல்லா மாவட்டத்திலும் அது சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் போனபின் கதவைத் தட்டிக் கேட்க அங்கே ஒரு இடம் சட்டத்தில் இருக்கிறது.

இங்கே சிறிதாகவே தொடங்கலாம். பாமன்கடையும் வெள்ளவத்தையும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றன. கொழும்பு மாவட்டத்தில் பதிவுபெற்ற இல்லங்கள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், தமிழ் பேசும் ஊழியர் எத்தனை பேர், கடைசியாக உத்தியோகத்தர் போய்ப் பார்த்த திகதி எது, என்ன எழுதினார் என்று ஒரு பக்கத்தில் மூன்று மொழியிலும் அச்சிட்டு அந்த அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். அதற்குப் புதுச் சட்டமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. அப்படி ஒட்டும்படி கேட்கும் மனுவுக்கு, வெள்ளவத்தைக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சில நூறு கையொப்பம் சேர்த்துவிடலாம்.